படத்துக்கு முன்னால் வந்த பார்வையாளர்கள்

1947 அக்டோபர் 5. நாடு விடுதலை பெற்று இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பிரிவினையின் காயம் ஆறாத கல்கத்தாவில் சில இளைஞர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். விளம்பரக் கம்பெனி ஒன்றில் ஓவியராக வேலை பார்த்துக்கொண்டிருந்த சத்யஜித் ராய்க்கு அப்போது 26 வயது. சிதானந்த தாஸ்குப்தா, ஹரிசாதன் தாஸ்குப்தா, பின்னாளில் கலை இயக்குநராகப் பெயர் வாங்கிய பன்சி சந்திரகுப்தா என்று உடன் சிலர். கல்கத்தா பிலிம் சொசைட்டி என்று பெயர் வைத்தார்கள். முதலில் திரையிட்ட படம், செர்கெய் ஐசன்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் போட்டெம்கின்’.

இந்தியாவின் மாற்று சினிமா வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 1955இல் வந்த ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யிலிருந்து தொடங்குவார்கள். ஆனால் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே சந்தா கட்டி, படப்பெட்டியை இரவல் வாங்கி, பார்த்த படத்தைப் பற்றி வீடு திரும்பும் வழியெல்லாம் பேசிய ஒரு கூட்டம் உருவாகிவிட்டது. முதலில் பார்வையாளர்கள் வந்தார்கள். அவர்களுக்குள்ளிருந்துதான் இயக்குநர்கள் எழுந்தார்கள். கல்கத்தாவில் நடந்தது இதுதான். பிறகு திருவனந்தபுரத்திலும் கோழிக்கோட்டிலும் நடந்ததும் இதுதான்.

இந்தச் சங்கங்களுக்கு ஒரு முன்மாதிரி இருந்தது. 1925இல் லண்டனில் ஐவர் மாண்டேகுவும் நண்பர்களும் ‘தி பிலிம் சொசைட்டி’யைத் தொடங்கினார்கள். பெர்னார்ட் ஷாவும் எச்.ஜி. வெல்ஸும் அதன் உறுப்பினர்கள். உறுப்பினர்களுக்கு மட்டுமான காட்சி என்பதால், பொது அரங்கில் காட்ட அனுமதி இல்லாத படங்களையும் அங்கே பார்க்க முடிந்தது. பிரிட்டிஷ் தணிக்கை 1926இல் தடுத்துவைத்த ‘போட்டெம்கின்’, 1929 நவம்பரில் அந்தச் சங்கத்தில்தான் லண்டன்காரர்களுக்குக் காணக் கிடைத்தது. ஐசன்ஸ்டைனே நேரில் வந்திருந்தார். இந்தியாவிலும் கல்கத்தாவுக்கு முன்னால் பம்பாயில் 1940களின் தொடக்கத்தில் ஒரு சங்கம் இயங்கியது. இருந்தாலும் பார்ப்பது, பேசுவது, எழுதுவது, எடுப்பது என்று நான்கையும் ஒரே கோட்டில் கொண்டுவந்தது கல்கத்தாதான்.

சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பல கூட்டங்கள் உறுப்பினர்களின் வீட்டு முன்னறைகளிலேயே நடந்தன. படம் கிடைப்பதே அரிது. கிடைத்த படத்தை விடாமல் அலசினார்கள். ராய் 1948இல் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இந்தியப் படங்களின் குறை என்ன என்று ஒரு கட்டுரை எழுதினார். ஹாலிவுட்டைப் பார்த்துப் பிரதி எடுப்பதை விட்டுவிட்டு, நம்மைச் சுற்றியிருக்கும் வாழ்க்கையைக் கேமரா பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு படம்கூட எடுத்திராத இளைஞர் இப்படி எழுதுவதைத் திரைத் தொழிலில் இருந்தவர்கள் ரசிக்கவில்லை. அந்தக் கட்டுரையை இன்று படித்தாலும், தீர்ப்பு சொல்லும் தோரணையை விட, இப்படிப்பட்ட படங்களைப் பார்க்க மாட்டோமா என்ற ஏக்கம்தான் அதில் தூக்கலாகத் தெரிகிறது.

1949இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்துக்கு இடம் பார்க்கக் கல்கத்தா வந்தார். சங்கத்துக்காரர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. ராய் அவரோடு கிராமங்களுக்குப் போய் இடம் காட்டினார். ஹரிசாதன் அந்தப் படத்தில் உதவி இயக்குநர் ஆனார். பன்சி கலைப் பிரிவில் சேர்ந்தார். படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வந்து, ஒளியமைப்பை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்ட சுப்ரத மித்ரா என்ற இளைஞர்தான் பிறகு ‘பதேர் பாஞ்சாலி’யின் ஒளிப்பதிவாளர். அதற்கு முன் அவர் எந்தப் படத்துக்கும் ஒளிப்பதிவு செய்ததில்லை.

1950இல் விளம்பரக் கம்பெனி ராயை லண்டனுக்கு அனுப்பியது. தங்கியிருந்த சில மாதங்களில் ஏறக்குறைய நூறு படங்களைப் பார்த்துத் தீர்த்தார். அவற்றில் ஒன்று விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’. தொழில்முறை நடிகர்கள் இல்லாமல், ஸ்டுடியோ இல்லாமல், தெருவிலேயே படம் எடுக்கலாம் என்று அவருக்கு உறுதிப்பட்டது அங்கேதான். ஊர் திரும்பும் கப்பலில் ‘பதேர் பாஞ்சாலி’க்குத் திரைக்கதைக் குறிப்புகள் எழுதத் தொடங்கிவிட்டார்.

லண்டன் போக முடியாதவர்களுக்கு 1952இல் அதே படம் வாசலுக்கே வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 24 அன்று பம்பாயில் தொடங்கிய முதல் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவை மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் நடத்தியது. பம்பாயோடு நிற்காமல் சென்னை, டெல்லி, கல்கத்தா என்று நகர் நகராகப் போனது அந்த விழா. ‘பைசைக்கிள் தீவ்ஸ்’, ‘மிரக்கிள் இன் மிலான்’, ‘ரோம், ஓபன் சிட்டி’ என்ற மூன்று இத்தாலியப் படங்களைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. பிமல் ராய் அந்த விழாவில் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ பார்த்தார்; அடுத்த ஆண்டே ‘தோ பீகா ஜமீன்’ வந்தது. நிலத்தை மீட்கக் கல்கத்தாவுக்குப் போய் ரிக்‌ஷா இழுக்கும் விவசாயியின் கதையை ஹிந்தி சினிமாவின் பெரிய நடிகர் பல்ராஜ் சாஹ்னியை வைத்துச் சொன்ன படம். ஒரு விழாவில் ஒரு காட்சி, ஒரு இயக்குநரின் பாதையைத் திருப்பியதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் வேறில்லை.

இனி, இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத இரண்டு பெண்கள். பாட்னாவில் திரைப்படச் சங்கம் கண்ட விஜயா முலே, கல்வித் துறையில் வேலை பார்த்தவர். பிறகு டெல்லியிலும் சங்க வேலையில் முன்நின்றார். சிதறிக் கிடந்த சங்கங்களை ஒன்றாகக் கட்ட அவரும் சிதானந்த தாஸ்குப்தாவும் ஓடியாடினார்கள். 1959 டிசம்பரில் கல்கத்தா, டெல்லி, பம்பாய், சென்னை, பாட்னா, ரூர்கி சங்கங்கள் சேர்ந்து இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு பிறந்தது. ராய் தலைவர். துணைத் தலைவர் பொறுப்பில் இருந்தவர்களில் இந்திரா காந்தியும் ஒருவர். இன்னொருவர், அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் சார்பில் உட்கார்ந்த அம்மு சுவாமிநாதன். பாலக்காட்டில் பிறந்து சென்னையில் வாழ்ந்த அவரை கேப்டன் லட்சுமியின், மிருணாளினி சாராபாயின் தாயாக மட்டுமே பலர் அறிவார்கள். சென்னையில் திரைப்படச் சங்கம் வேர்விட உழைத்தவர் என்ற அளவிலும் அவர் நினைக்கப்பட வேண்டும்.

கூட்டமைப்பு வந்த பிறகு ஒரு வலைப்பின்னல் உருவாகியது. 1964இல் பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. அதன் உயிர்நாடியாக இருந்த பி.கே. நாயர், படங்களைப் பூட்டிவைப்பதற்காகச் சேகரித்தவர் அல்ல. சங்கங்களுக்கு அனுப்பிவைக்கத் தனியாகப் பிரதிகள் வைத்திருந்தார். பூனா திரைப்படக் கல்லூரியில் ரசனைப் பாடம் நடத்திய பேராசிரியர் சதீஷ் பகதூர், ஊர் ஊராகப் போய் ஒரு காட்சியை ஷாட் ஷாட்டாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார். சோவியத், போலந்து, செக், ஹங்கேரி, பிரெஞ்சுத் தூதரகங்கள் தங்கள் நாட்டுப் படங்களை இலவசமாகவே கொடுத்தன. பனிப்போர்க் காலத்தில் அவர்களுக்கு அது பிரச்சாரம். சிறுநகரத்து ரசிகருக்கோ அது ஆந்த்ரே வாய்தா, மிக்லோஷ் யான்சோ போன்றவர்களின் உலகத்துக்குள் போக ஒரு வழி.

அந்தக் காலத்துத் திரையிடல் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 16 எம்.எம். பிரதி தகரப் பெட்டியில் ரயில் பார்சலாக வரும். சங்கச் செயலாளர் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்துவர வேண்டும். முந்தைய ஊர்க்காரர்கள் ஒரு நாள் தாமதித்து அனுப்பினால் அடுத்த ஊரில் காட்சி ரத்து. இரண்டு மணி நேரப் படம் மூன்று பெரிய சுருள்களில் இருக்கும். ஒரு சுருள் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். பெரும்பாலான சங்கங்களிடம் இருந்தது ஒரே ஒரு ப்ரொஜெக்டர், அதுவும் பல நேரம் வாடகைக்கு எடுத்தது. முதல் சுருள் முடிந்ததும் விளக்கைப் போடுவார்கள். ஆபரேட்டர் சுருளைக் கழற்றி அடுத்ததைப் பற்சக்கரங்களில் கோர்த்து முடிக்கும் வரை பார்வையாளர்கள் எழுந்து நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். கதை எங்கே போகிறது என்று ஒருவர் ஊகிப்பார், இன்னொருவர் மறுப்பார். அரைகுறையாகப் பார்த்த படத்தைப் பற்றி இத்தனை தீவிரமாகப் பேசிய பார்வையாளர்கள் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்கள்.

சப்டைட்டில் ஆங்கிலத்தில் இருக்கும். சில பிரதிகளில் அதுவும் இருக்காது. அதற்காகக் கதைச் சுருக்கத்தை ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து வாசலில் கொடுப்பார்கள். விரலில் மை ஒட்டும் அந்த ஒற்றைத் தாளில் இயக்குநரின் பெயர், படம் வந்த ஆண்டு, கதை, சங்கத்தில் ஒருவர் எழுதிய பத்து வரிக் குறிப்பு எல்லாம் இருக்கும். பல எழுத்தாளர்களின் முதல் திரை விமர்சனம் இப்படிப்பட்ட தாளில்தான் வந்தது.

1960களில் சங்கக் காட்சிகளுக்குத் தணிக்கையிலிருந்து விலக்கு கிடைத்தது. வெட்டுப்படாத வெளிநாட்டுப் படம் பார்க்கலாம் என்பதற்காகவே சேர்ந்தவர்களும் 1970களில் நிறையப் பேர். சில நகரங்களில் அவர்கள்தான் பெரும்பான்மை. அவர்கள் கட்டிய சந்தாவில் சங்கங்கள் ஓடின என்பது உண்மை. வீடியோ வந்ததும் அவர்கள் போய்விட்டார்கள், அவர்களை நம்பியிருந்த சங்கங்கள் படுத்துவிட்டன என்பதும் உண்மை. சினிமாவுக்காக வந்தவர்கள் இருந்த ஊர்களில் மட்டுமே சங்கம் நிலைத்தது.

அப்படி நிலைத்த இடங்களில் முதன்மையானது கேரளம். அந்தக் கதையின் ஒரு முனை திண்டுக்கல் பக்கத்தில் இருக்கிறது. அடூர் கோபாலகிருஷ்ணன் பட்டப்படிப்பு படித்தது காந்திகிராமத்தில். படிப்பு முடிந்ததும் அந்தப் பகுதியிலேயே அரசு வேலையும் பார்த்தார். நாடகப் பைத்தியம். 1962இல் வேலையை விட்டுவிட்டு, நாடகம் எழுத உதவும் என்று நினைத்து பூனா கல்லூரியில் சேர்ந்தவரை அங்கே பார்த்த படங்கள் சினிமாவுக்கு இழுத்துக்கொண்டன. 1965இல் ஊர் திரும்பி, குளத்தூர் பாஸ்கரன் நாயர் முதலிய நண்பர்களோடு திருவனந்தபுரத்தில் ‘சித்ரலேகா’ பிலிம் சொசைட்டியைத் தொடங்கினார். படம் எடுக்கப் படித்துவிட்டு வந்தவர் முதலில் செய்த காரியம், படம் பார்க்க ஆள் சேர்த்தது.

மலையாளிகளுக்கு இது கைவந்ததற்குக் காரணம் உண்டு. பி.என். பணிக்கர் வழிநடத்திய நூலக இயக்கம் கிராமந்தோறும் வாசகசாலைகளை ஏற்கெனவே உண்டாக்கியிருந்தது. சாயங்காலம் கூடுவது, படித்ததைப் பற்றி விவாதிப்பது என்ற பழக்கம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திரையைக் கட்டினால் போதுமாக இருந்தது. 1969இல் கோழிக்கோட்டில் ‘அஸ்வினி’ வந்தது. செலவூர் வேணு அதை முன்னின்று நடத்தினார். 1970களில் கேரளத்தில் திரைப்படச் சங்கங்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. விவசாயிகளும் பள்ளி ஆசிரியர்களும் பீடித் தொழிலாளர்களும் குரோசாவாவைப் பார்த்தார்கள், மலையாளத்தில் விவாதித்தார்கள்.

சித்ரலேகா நண்பர்கள் கூட்டுறவு அமைப்பு ஒன்றையும் உருவாக்கி, திரைப்பட நிதி நிறுவனத்தில் கடன் வாங்கி 1972இல் ‘சுயம்வரம்’ எடுத்தார்கள். முதலில் திரையரங்குகளில் அது போகவில்லை. சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை, சிறந்த ஒளிப்பதிவு என்று நான்கு தேசிய விருதுகள் கிடைத்த பிறகு மறுபடியும் வெளியிட்டார்கள். பார்க்க ஆள் வந்தது. சங்கங்கள் ஏழு ஆண்டுகளாகப் பழக்கிவைத்த கண்கள் இல்லாவிட்டால், விருது மட்டுமே அந்தப் படத்தைக் காப்பாற்றியிருக்காது.

கர்நாடகத்தில், ஷிமோகா மாவட்டத்தின் ஹெக்கோடு என்ற சிற்றூரில் கே.வி. சுப்பண்ணா செய்தது இன்னும் துணிச்சலான காரியம். பாக்குத் தோட்டங்கள் நிறைந்த அந்த ஊரில் அவர் நடத்திய ‘நீநாசம்’ நாடகக் குழு 1973இல் ஒரு திரைப்படச் சங்கத்தையும் தொடங்கியது. சதீஷ் பகதூரை வரவழைத்து, ‘பதேர் பாஞ்சாலி’யும் ‘ரஷோமோன்’னும் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ஸும் ஊர் மக்களுக்குக் காட்டினார்கள்; கன்னடத்தில் விளக்கம், அதன்பின் பேச்சு. இந்தப் படங்களெல்லாம் பாமரனுக்குப் புரியாது என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்பவர்களுக்கு ஹெக்கோடு அப்போதே பதில் சொல்லிவிட்டது.

பார்வையாளர்களே தயாரிப்பாளர்களாக மாறிய கட்டம் 1980களில் வந்தது. ஜான் ஆபிரகாமைத் தமிழர்கள் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ இயக்குநராக அறிவார்கள். 1977இல் வெளிவந்த அந்தப் படத்துக்குத் திரைக்கதை விமர்சகர் வெங்கட் சாமிநாதன். பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தும் பொதுமக்கள் பார்க்க வழியில்லை. தூர்தர்ஷனில் அறிவிக்கப்பட்ட ஒளிபரப்பும் எதிர்ப்பால் நிறுத்தப்பட்டது. திரைப்படச் சங்கங்களில்தான் அந்தப் படம் உயிரோடு இருந்தது. இதைக் கண்ணால் கண்ட ஜான், தயாரிப்பாளர், விநியோகஸ்தர், தியேட்டர்காரர் மூவரும் இல்லாமல் படம் எடுக்க ஒரு வழி தேடினார். 1984இல் கோழிக்கோட்டை மையமாக வைத்து ‘ஒடேசா’ கூட்டமைப்பு உருவானது. ‘போட்டெம்கின்’ படத்தின் படிக்கட்டுக் காட்சியால் உலகுக்கே தெரிந்த நகரத்தின் பெயர் அது.

ஒடேசாக்காரர்கள் ப்ரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். சந்தைத் திடலிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் சாப்ளினின் ‘தி கிட்’ போன்ற படங்களைக் காட்டுவார்கள். காட்சி முடிந்ததும் துண்டையோ வாளியையோ நீட்டி, ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ கேட்பார்கள். அப்படிச் சேர்ந்த காசில் 1986இல் ‘அம்ம அறியான்’ எடுக்கப்பட்டது. இறந்த நண்பனின் செய்தியை அவன் தாய்க்குச் சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சிக்குப் போகும் இளைஞனோடு, ஊர் ஊராக நண்பர்கள் சேர்ந்துகொண்டே போகும் கறுப்பு வெள்ளைப் படம். எடுத்த பிறகும் தியேட்டருக்குக் கொடுக்காமல், காசு தந்த மக்களிடமே இலவசமாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். 1987 மே 31 அன்று கோழிக்கோட்டில் ஜான் இறந்துபோனார். இந்திய சினிமாவில் மக்கள் தயாரிப்பு என்று நேர்மையாகச் சொல்லத்தக்க முயற்சிகளில் இதற்கு இணையானது மிகக் குறைவு.

தமிழ்நாட்டில் ஏன் இந்த வீச்சு வரவில்லை? சென்னைக்கு வாய்ப்புக் குறைவில்லை. 1952 விழா வந்தது. 1978இல் ‘பிலிமோத்சவ்’ விழா வந்தது. 1991இல் சர்வதேச விழா வந்தது. பிலிம் சேம்பர் அரங்கு, கல்லூரிச் சாலை அலையன்ஸ் பிரான்சேஸ், ரஷ்யக் கலாச்சார மையம் என்று நல்ல படம் பார்க்க இடங்களும் இருந்தன. ஆனால் அந்த வட்டத்தின் பேச்சும் எழுத்தும் நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே நின்றன. கேரளமும் ஹெக்கோடும் தாய்மொழியில் செய்ததை நாம் தாமதமாகத்தான் செய்தோம். முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கிளைகள் சிறுநகரங்களில் உலகப் படவிழாக்கள் நடத்தியதும், ஆனந்த விகடனில் செழியன் ‘உலக சினிமா’ தொடர் எழுதியதும் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தன. 2003இலிருந்து இண்டோ சினி அப்ரிசியேஷன் பவுண்டேஷன் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவை நடத்திவருகிறது. அதுவும் சங்கத்தின் வழி வந்த விழாவே.

கேரளத்தில் சங்கங்களின் வாரிசாக வந்தது கேரள சர்வதேசத் திரைப்பட விழா. கோழிக்கோட்டில் தொடங்கி, 1998இல் உருவான மாநில சலச்சித்திர அகாதெமியின் கைக்கு வந்து, திருவனந்தபுரத்தில் நிலைகொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கு மட்டுமே போட்டிப் பிரிவில் இடம் என்ற முடிவு அதன் குணத்தைத் தீர்மானித்தது. டாகூர் தியேட்டர் வளாகத்திலும் கைரளி அரங்கப் படிகளிலும் ஆயிரக்கணக்கானோர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அடுத்த காட்சிக்கு வரிசையில் நின்றபடியே முந்தைய காட்சியைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள். ‘ஓபன் ஃபோரம்’ என்ற தினசரிக் கூட்டத்தில் இயக்குநரை எதிரில் வைத்துக்கொண்டே படம் பிடிக்கவில்லை என்று எழுந்து சொல்லலாம். தென்கொரியாவின் கிம் கி-டுக் 2013இல் வந்தபோது தெருவில் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. 2022 மார்ச்சில் நடந்த விழாவில் பார்வையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த படம், மதுரை மேலூர்ப் பக்கத்து வறண்ட நிலத்தில் எடுக்கப்பட்ட பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’.

இந்தச் சங்கங்கள் விட்டுச்சென்ற, எந்தப் பட்டியலிலும் ஏறாத ஆவணங்கள் ஏராளம் இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. சைக்ளோஸ்டைல் குறிப்புகள், உறுப்பினர் அட்டைகள், விழாக் கையேடுகள், விமர்சனம் கிறுக்கிய நோட்டுகள். அந்தத் தாள்கள் மட்டரகமானவை, சீக்கிரம் பொடிந்துவிடும். சென்னை, மதுரை, கோவை, திருச்சி என்று எந்த ஊரிலாவது ஒரு திரைப்படச் சங்கத்தில் இருந்தவரா நீங்கள், அல்லது உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ இருந்தாரா? பரண் மேல் இருக்கும் அந்தக் கட்டைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அவர்களிடம் பேசிப் பாருங்கள்.